பிஸ்கட் டப்பாவில் பன்னிரண்டு கடிதங்கள்

ஜூன் 9

பட்டாணியின் அப்பாவுக்கு,

ஒருவழியாக வந்து சேர்ந்துவிட்டேன். கப்பலில் இரண்டு நாள் வாந்தி, மூன்றாம் நாள் பசி, நான்காம் நாள் சமையலறைக்குள் தள்ளிவிட்டார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் இருவர் உடம்பும் எப்படி இருக்கிறது என்று ஒளிக்காமல் எழுதுங்கள்.

தீவு என்று சொன்னார்களே தவிர இப்படிக் காற்றடிக்கும் என்று சொல்லவில்லை. முதியோர் இல்லத்தில் அறுபத்திரண்டு பேர். பாதிப் பேருக்குப் பல் இல்லை. மீதிப் பேர் பல் இருந்தும் மெல்ல மாட்டேன் என்கிறார்கள். நாள் முழுக்கக் கரண்டியும் கையுமாக நிற்கிறேன். தபால் படகு வாரத்துக்கு ஒரு முறைதான். அலுவலகத்தில் ஒரு தொலைபேசி இருக்கிறது, ஆனால் வீட்டில் சாவு என்றால்தான் அதைத் தொட விடுவார்களாம். ஆகவே நமக்குக் கடிதம்தான்.

இப்போது முக்கியமான விஷயம். பரணில் இருக்கும் நீல பிஸ்கட் டப்பாவைத் திறந்து பாருங்கள். அதில் பன்னிரண்டு விடுப்புக் கடிதங்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். காய்ச்சல் நான்கு, இருமல் மூன்று, வயிற்றுவலி இரண்டு, கால் சுளுக்கு ஒன்று, உறவினர் திருமணம் ஒன்று, உறவினர் மரணம் ஒன்று. தேதியும் எத்தனை நாள் என்பதும் மட்டும் காலி. மரணக் கடிதத்தில் யார் என்று எழுதவில்லை. யாரையும் சாகடிக்க மனசு வரவில்லை. போன வருஷம் நீங்கள் எழுதிக் கொடுத்த "வரவில்லை. காரணம் மழை" கடிதத்தை டீச்சர் திருப்பி அனுப்பியது நினைவிருக்கிறதா? அந்த மானக்கேடு மறுபடி வேண்டாம் என்றுதான் இந்த ஏற்பாடு.

கடிதம் இல்லாமல் தொடர்ந்து பத்து நாள் போகாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். மொத்த நாளில் முக்கால் பங்கு போகாவிட்டால் மேல்வகுப்பு இல்லை. அவள் மேல்வகுப்பு போகத்தான் நான் இங்கே கஞ்சி கிண்டுகிறேன். உண்மையாகவே முடியாத நாளுக்கு மட்டும் டப்பாவைத் திறங்கள்.

பட்டாணிக்கு முத்தம். காதுக்குப் பின்னால் அழுக்கு இருக்கிறதா என்று பார்க்கவும்.

இப்படிக்கு,
பட்டாணியின் அம்மா


ஜூன் 24

பட்டாணியின் அம்மாவுக்கு,

நாங்கள் இருவரும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறோம். நீ கப்பலிலிருந்து கடலில் குதிக்காமல் போய்ச் சேர்ந்ததில் மகிழ்ச்சி.

டப்பாவைப் பார்த்தோம். பட்டாணி ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினாள். "அம்மா இவ்ளோ நோய் எழுதி வெச்சுட்டுப் போயிருக்காங்களேப்பா"ன்னு சிரிப்பு. நீ ஊரில் இல்லாவிட்டாலும் உன் ராஜாங்கம் நடக்கிறது. அவள் ஒருநாள் தவறாமல் போகிறாள். நான் ஆறு மணிக்கே சலவை நிலையத்துக்குக் கிளம்பிவிடுவதால் கதவைப் பூட்டிச் சாவியை அவளே கழுத்தில் மாட்டிக்கொள்கிறாள். ஏழு மணிக்கு நான் ஊதும் சங்கு கேட்டதும் எழுந்து குளிப்பதாகச் சொல்கிறாள்.

பாய்லர் நன்றாக இருக்கிறது. மாடியில் இஸ்திரி போடும் பெண்கள் நாற்பது பேரும் உன்னை விசாரித்தார்கள். ஆஸ்பத்திரித் துணி மலையாக வந்து குவிகிறது.

ஒரே ஒரு வேண்டுகோள். உன் எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கிறது. அடுத்த முறை கொஞ்சம் யானை மாதிரி எழுது. விளக்கு மங்கலாக எரிகிறது, வேறொன்றுமில்லை.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்


ஜூலை 11

பட்டாணியின் அப்பாவுக்கு,

சுகம்தான். கையில் ஒரு சூடு, ஆறிவிட்டது. அங்கே இருவரும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

சொன்னபடி யானை அளவில் எழுதுகிறேன். தாள் வீணாவது உங்கள் பாவம். ஆனால் என் எழுத்தைக் குறை சொல்லுமுன் உங்கள் கடிதத்தைப் பாருங்கள். ஐந்தாவது வரி நான்காவது வரியின் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. கடைசி வரி தாளைத் தாண்டி மேசைக்கே போய்விட்டது; பாதிச் சொல் வந்து சேரவில்லை. பதினான்கு வருஷமாக உங்கள் எழுத்தைப் பார்க்கிறேன், கோணல் என்று ஒருநாளும் சொன்னதில்லை. விளக்கை மாற்றுங்கள். அதோடு கண்ணையும் ஒரு டாக்டரிடம் காட்டுங்கள். பாய்லர் பக்கத்தில் நிற்கிறவருக்குக் கண் எவ்வளவு முக்கியம் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பட்டாணியை ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். மாதத் தேர்வு மதிப்பெண் என்ன?

இப்படிக்கு,
பட்டாணியின் அம்மா


ஜூலை 29

பட்டாணியின் அம்மாவுக்கு,

இருவரும் சௌக்கியம். சௌக்கியம் என்று எழுதியபிறகு ஒரு சின்னத் திருத்தம்: பட்டாணிக்கு மூன்று நாள் காய்ச்சல் இருந்தது, சரியாகிவிட்டது. காய்ச்சல் கடிதம் ஒன்று செலவு. பார்த்தாயா, ஒளிக்கவில்லை.

மேசைக்கால் ஒன்று ஆடுகிறது. வரி கோணியது அதனால்தான். கண்ணுக்கு ஒன்றும் கேடில்லை. அடுத்த மாதம் நிலையத்திலேயே எல்லோருக்கும் கண் பரிசோதனை வைக்கிறார்கள், அதில் தெரிந்துவிடும்.

அவளைத் தனியாக விட மனசில்லாமல் அந்த மூன்று நாளும் என்னோடு அழைத்துப் போனேன். இஸ்திரிக்காரப் பெண்கள் மடித்த போர்வைகளின் மேல் படுக்க வைத்துச் செல்லம் கொஞ்சினார்கள். அங்கே எல்லோருக்கும் அவளைப் பிடித்துவிட்டது.

வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்


ஆகஸ்ட் 14

அன்புள்ள அம்மா,

நான் நன்றாக இருக்கிறேன். அப்பாவும் நன்றாக இருக்கிறார். நீ நன்றாக இருக்கிறாயா? அந்தப் பல் இல்லாத தாத்தாக்கள் உன்னைத் திட்டுகிறார்களா?

நான் ஒருநாள்கூட லேட்டாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. இது சத்தியம். காதுக்குப் பின்னால் சுத்தமாக இருக்கிறது. அப்பாவுக்குக் கண் பரிசோதனை முடிந்துவிட்டது. அட்டையில் இருந்த எல்லா வரியையும் அப்பா தப்பில்லாமல் சொன்னார். கடைசி வரி ரொம்பச் சின்னதாக இருந்தது, அதையும் சொன்னார். டாக்டர் கை தட்டினார்.

பாய்லரில் ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கிறது. உள்ளே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று அதில் தெரியும். தண்ணீர் பாதிக்குக் கீழே இரண்டு விரல் இறங்கினால் உடனே அப்பாவிடம் சொல்ல வேண்டும். இந்த வரியை அடித்துவிட்டேன், ஆனாலும் படிக்க முடிகிறது. நீ படிக்காதே.

அம்மா, உன் கையெழுத்தின் கடைசியில் ஒரு வால் வருமே, அதைப் பேனாவைத் தூக்காமல் போடுவாயா, தூக்கிவிட்டுப் போடுவாயா? சும்மாதான் கேட்கிறேன்.

உன் மகள்,
பட்டாணி


செப்டம்பர் 1

பட்டாணியின் அப்பாவுக்கு,

நான் நன்றாக இல்லை. இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. நீங்கள் நன்றாக இருப்பதாக மட்டும் இந்த முறை எழுத வேண்டாம். நடப்பதை எழுதுங்கள்.

படிக்காதே என்று அவள் சொன்ன வரியைப் பத்து முறை படித்துவிட்டேன். பத்து வயசுப் பிள்ளைக்குக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் இறங்கும் கணக்கு எதற்குத் தெரிய வேண்டும்? "உடனே அப்பாவிடம் சொல்ல வேண்டும்" என்றால் அப்பா எங்கே பார்த்துக்கொண்டு நிற்கிறார்? மதிப்பெண் கேட்டேன், பதில் இல்லை. டீச்சரைப் பற்றி, கூடப் படிக்கிற பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. எப்போதும் அவள் வாயைத் திறந்தால் பக்கத்து பெஞ்சுக்காரியைப் பற்றித்தான் கோள் சொல்வாள்.

டப்பாவில் இன்னும் எத்தனை கடிதம் இருக்கிறது? எண்ணி எழுதுங்கள்.

டீச்சருக்கும் இதே படகில் ஒரு கடிதம் போடுகிறேன். உங்கள்மேல் நம்பிக்கை இல்லாமல் அல்ல. இல்லை, அப்படித்தான். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
பட்டாணியின் அம்மா


அக்டோபர் 6

மதிப்பிற்குரிய அம்மா,

நலம் விசாரித்து எழுதியதற்கு நன்றி. உங்கள் கடிதத்தின் உறையில் இருந்த தபால் முத்திரையைப் பார்த்தபின் உடனே வருகைப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினேன். நீங்கள் ஜூன் மாதத்திலிருந்தே ஊரில் இல்லை என்பது எனக்குத் தெரியாது. வாராவாரம் உங்கள் கையெழுத்தில் கடிதம் வந்துகொண்டிருந்ததால் நீங்கள் வீட்டில்தான் இருக்கிறீர்கள், மகளுக்குத்தான் உடம்பு சரியில்லை என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

இதுவரை எண்பத்திரண்டு வேலை நாட்கள். உங்கள் மகள் வந்தது முப்பத்தேழு நாட்கள். வராத ஒவ்வொரு நாளுக்கும் கடிதம் இருக்கிறது. வருகைப் பதிவேட்டோடு குத்தி வைத்திருக்கிறேன். உறவினர் மரணக் கடிதம் வந்தபோது நான் அவளை அருகில் அழைத்து, "யாரும்மா?" என்று கேட்டேன். "எனக்கு அவ்வளவா பழக்கமில்ல டீச்சர்" என்றாள். நான் ஆறுதல் சொன்னேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

மொத்தம் பதின்மூன்று கடிதங்கள். பன்னிரண்டு நீல மையில். பதின்மூன்றாவது கறுப்பு மையில். அதே எழுத்து, அதே கையெழுத்து, கடைசியில் அதே வால். உங்கள் கடிதத்தில் சொன்னபடி டப்பாவில் நீங்கள் எழுதி வைத்தது பன்னிரண்டுதான் என்றால், அதை யார் எழுதியது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பிள்ளையைத் தவறாமல் அனுப்புவது பெற்றோர் இருவர் பொறுப்பும்தான் என்று சேர்க்கைப் படிவத்தில் நீங்களும் கையெழுத்திட்டிருக்கிறீர்கள். நான் உங்களைக் குற்றம் சாட்டவில்லை. உங்கள் கையெழுத்தை நம்பி நானும் வீடு வரை போய்ப் பார்க்காமல் இருந்துவிட்டேன். இனி ஒருநாளும் தவறாமல் வந்தால்தான் முக்கால் பங்கு தேறும். விரைவில் ஏதாவது செய்யுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
வகுப்பாசிரியை


அக்டோபர் 18

பட்டாணியின் அப்பாவுக்கு,

உடம்பு விசாரிப்பு எல்லாம் பிறகு. ஆறு வாரமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. டீச்சர் எழுதிவிட்டார்.

நாற்பத்தைந்து நாள். நாற்பத்தைந்து நாள் என் பிள்ளையை எங்கே வைத்திருந்தீர்கள்? நான் பதில் சொல்கிறேன்: பாய்லர் முன்னால். அவளுடைய கடிதத்தையும் உங்கள் கோணல் வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கண் பரிசோதனை அட்டையில் கடைசி வரி வரை சொன்னாராம்! உங்களுக்கு எதிரில் வருகிற மாடு தெரிகிறதா முதலில்?

பன்னிரண்டு பொய்யை முன்கூட்டியே எழுதி, கையெழுத்தும் போட்டு, டப்பாவில் வைத்துவிட்டு வந்தவள் நான்தான். ரொம்பச் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் ஒரு பிள்ளை காணாமல் போவதற்கு வழி போட்டுக் கொடுத்திருக்கிறேன். பதின்மூன்றாவது பொய்யை அவளே எழுதக் கற்றுக்கொண்டாள். என் கையெழுத்தில்.

நீங்கள் என்னிடம் ஒன்றும் சமாளிக்க வேண்டாம். உண்மையை மட்டும் எழுதுங்கள். உங்கள் கண்ணுக்கு என்ன?

பட்டாணியின் அம்மா


நவம்பர் 1

பட்டாணியின் அம்மாவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது, கண்ணைத் தவிர.

இதை நான் சொல்லச் சொல்லப் பட்டாணி எழுதுகிறாள். என்னால் எழுத முடியாது. உன் கடிதத்தையும் அவள்தான் வாசித்தாள். மாடு வருகிற இடத்தில் இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு சிரிப்பு வரவில்லை.

(அப்பா இங்கே எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.)

போன வருஷக் கடைசியிலேயே ஆரம்பித்துவிட்டது. முதலில் ஓரம் போயிற்று. இப்போது குழாய்க்குள் கண்ணை வைத்துப் பார்ப்பது மாதிரி நடுவில் கொஞ்சம்தான் தெரிகிறது, அதுவும் புகை. நீ கப்பல் ஏறுவதற்கு முன்பே ஒரு டாக்டரிடம் போனேன். போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் சூட்டிலும் புகையிலும் வேலை செய்யாதே என்றார். உன்னிடம் சொன்னால் போகமாட்டாய். வேலை போனால் நிலையம் கொடுத்த இந்த வீடும் போய்விடும். வாயை மூடிக்கொண்டேன்.

முதல் காய்ச்சல் உண்மையான காய்ச்சல். அன்று அவள் போர்வை மேல் படுத்திருந்தவள் எழுந்து வந்து, "அப்பா, கண்ணாடியில தண்ணியே காணோமே"ன்னாள். எனக்கு நிறைந்திருப்பது மாதிரித்தான் தெரிந்தது. இன்னும் கால்மணி போயிருந்தால் பாய்லர் வெடித்திருக்கும். தலைக்கு மேல் நாற்பது பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டு இஸ்திரி போடுகிறார்கள். மறுநாள் அவளுக்குக் காய்ச்சல் இல்லை, இருந்தும் அழைத்துப் போனேன். அதற்கடுத்த நாளும். ஒரு நாள், இன்னும் ஒரு நாள் என்றுதான் ஒவ்வொரு நாளும் நினைத்தேன்.

பள்ளிக்கூடம் மாற்றப் போகிறோம், அதுவரை லீவு என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். கண் அட்டையை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்து பாட்டு மாதிரிச் சொல்லிக் கொடுத்தாள். அவளைத் திட்டாதே. எல்லாம் நான் செய்தது.

(பதின்மூன்றாவது கடிதம் மட்டும் நானாகவே எழுதியது அம்மா. அப்பாவுக்குத் தெரியாது. டப்பா காலியாகிவிட்டது. பத்து நாள் ஆனால் பெயரை எடுத்துவிடுவார்கள் என்று நீ எழுதியிருந்தாய்.)

(அப்பா இப்போது அழுகிறார். எழுதாதே என்றார்.)

உன் வீட்டுக்காரன்


நவம்பர் 13

பட்டாணியின் அப்பாவுக்கு,

உங்கள் கண்ணுக்கு இனி ஒன்றும் ஆகாமல் இருக்க வேண்டும். இதை ஒரு வரியாக எழுதிவிட்டேன், ஆனால் எழுதி முடிக்க ஒரு நாள் ஆயிற்று.

உங்கள்மேல் கோபம் போகவில்லை. நாற்பது பேர் உயிரைக் காப்பாற்ற என்று சொல்லி ஒரு பிள்ளையை அந்த இடத்திலேயே நிறுத்தியிருக்கிறீர்கள். வெடித்தால் முதலில் போயிருப்பது யார்? அதை யோசித்தீர்களா? யோசித்திருப்பீர்கள். அதனால்தான் அழுதிருக்கிறீர்கள்.

கடிதம் வந்ததும் ஓட்டமாக அலுவலகத்துக்குப் போனேன். தொலைபேசி வேண்டும் என்றேன். "யார் செத்தது?" என்று கேட்டார்கள். ஒரு பொய் சொல்லியிருந்தால் அன்றைக்கே உங்கள் நிலையத்து மேலாளரிடம் பேசியிருக்கலாம். வாய் வரவில்லை. நாக்கு நுனியில் யார் பெயர் வந்து நின்றது என்று உங்களுக்குச் சொல்லமாட்டேன். திரும்பி வந்துவிட்டேன்.

இந்தக் கடிதம் கையில் கிடைக்கிற நாளில் இரண்டு காரியம் நடக்க வேண்டும். பட்டாணி பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். நீங்கள் மேலாளரிடம் போய், "எனக்குக் கண் தெரியலை"ன்னு சொல்ல வேண்டும். இரண்டும் ஒரே நாளில். ஒன்றை மட்டும் செய்துவிட்டு மற்றதை நாளைக்கு என்று வைக்காதீர்கள். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். வீடு போனால் போகட்டும். எனக்குத் திண்டாடத் தெரியும்.

பட்டாணி, இதை நீதானே வாசிக்கிறாய். அப்பாவுக்கு உரக்க வாசி. ஒரு வரியையும் விடாதே.

இப்படிக்கு,
பட்டாணியின் அம்மா


நவம்பர் 28

அன்புள்ள அம்மா,

நான் நன்றாக இருக்கிறேன். அப்பா உயிரோடு இருக்கிறார். இதை முதலிலேயே எழுதிவிடு, அப்புறம் மற்றதை எழுது என்று டீச்சர் சொன்னார்.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. ஒரு வரியையும் விடாமல் வாசித்தேன். அப்பா, "சரி, நாளையிலேர்ந்து நீ ஸ்கூலுக்குப் போ. நான் மேலாளர்கிட்ட பேசிட்டேன், வேற ஆள் வர வரைக்கும் ஒரு உதவிக்காரர் கூட நிப்பாரு"ன்னார். எந்த உதவிக்காரர் என்று கேட்டேன். "புதுசு, உனக்குத் தெரியாது"ன்னார். அப்பா பொய் சொல்லும்போது மூக்கைத் தேய்ப்பார். தேய்த்தார்.

டீச்சர் என் பெயரை எடுக்காமல் வைத்திருந்தார். செவ்வாய்க்கிழமை அதைக் கூப்பிட்டதும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "உள்ளேன் டீச்சர்" என்றேன். என் குரல் எனக்கே புதுசாக இருந்தது. பின்னங்கள் எல்லாம் நடத்தி முடித்துவிட்டார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் சங்கைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். நம் சங்கு பள்ளிக்கூடம் வரைக்கும் கேட்கும். அது ஆவியில் ஊதுவது. பதினொரு மணிக்கு ஊதினால் அப்பா நன்றாக இருக்கிறார். மூன்று மணிக்கு ஊதினால் அன்றைக்குத் தப்பித்தோம். நோட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போட்டேன். செவ்வாய் இரண்டு கோடு. புதன் இரண்டு கோடு.

எப்படிச் சமாளிக்கிறார் என்று புதன்கிழமை கேட்டேன். அப்பா ஒத்துக்கொண்டார். உதவிக்காரர் யாரும் இல்லை. கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குழாய் இருக்கிறது. திறக்கும்போது உள்ளே தண்ணீர் இருந்தால் துப்புகிற சத்தம் கேட்கும், தண்ணீர் இல்லாவிட்டால் சீறுகிற சத்தம் கேட்கும். "காது இருக்கே, போதும்"ன்னார். நான் உன்னிடம் எழுதுவேன் என்றேன். "வெள்ளிக்கிழமை சொல்லிடறேன் மேலாளர்கிட்ட, சத்தியமா"ன்னார். மூக்கைத் தேய்க்கவில்லை.

நேற்று வியாழக்கிழமை. பள்ளிக்கூட மணி பதினொன்று அடித்தது. சங்கு ஊதவில்லை.

நான் எழுந்துவிட்டேன். டீச்சர் "எங்கே போறே?" என்றார். நான் ஓடினேன். பை, செருப்பு எல்லாம் வகுப்பிலேயே இருக்கிறது. நிலையத்து வாசலில் நாற்பது பேரும் நின்றார்கள். எனக்குத் தெரிந்த அக்கா ஒருத்தர் என்னைப் பிடித்துக்கொண்டு, "உங்கப்பா எல்லாரையும் வெளிய போகச் சொல்லிட்டு அவரு மட்டும் உள்ள இருக்காருடீ"ன்னார்.

அப்பா குழாயை இரண்டு தடவை திறந்தாராம். ஒரு தடவை துப்பினது மாதிரி இருந்ததாம், ஒரு தடவை சீறினது மாதிரி இருந்ததாம். மூன்றாவது தடவை திறக்கவில்லையாம். காய்ந்த பாய்லரில் தண்ணீர் விட்டாலும் வெடிக்குமாம். சத்தம் போட்டு எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, அடுப்பிலிருந்து நெருப்பைக் கரண்டியால் வெளியே இழுத்துப் போட ஆரம்பித்துவிட்டார். கரண்டி எங்கே விழுந்தது என்று தெரியாமல் கடைசியில் கையாலும் தள்ளியிருக்கிறார். நெருப்பு எல்லாம் வெளியே வந்த பிறகுதான் அவரும் வந்தார், சுவரைத் தடவிக்கொண்டு. மேலாளர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கண்ணாடியில் தண்ணீர் ஒரு சொட்டும் இல்லையாம்.

நான் "அப்பா"ன்னு கூப்பிட்டேன். அப்பா என் பக்கம் திரும்பி, ஆனால் என்னைப் பார்க்காமல், "நீ ஏன் இங்க வந்தே? இன்னிக்கு ஸ்கூல் இருக்கே"ன்னார்.

இரண்டு கையிலும் முழங்கை வரை கட்டுப் போட்டிருக்கிறார்கள். மேலாளரிடம் கண்ணைப் பற்றி அங்கேயே எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டார். மேலாளர் வீட்டைக் காலி செய்ய அடுத்த மாதக் கடைசி வரை நேரம் கொடுத்திருக்கிறார். இஸ்திரிக்கார அக்காக்கள் மாற்றி மாற்றி வந்து அப்பாவுக்கு ஊட்டிவிடுகிறார்கள். அதனால் இன்றைக்கு நான் பள்ளிக்கூடம் போனேன்.

நேற்று பதினொரு மணிக்கு மேல் வராததற்கு விடுப்புக் கடிதம் வேண்டும் என்று டீச்சர் சொன்னார். "அம்மாகிட்டேர்ந்து வரட்டும், எத்தனை நாளானாலும் காத்திருக்கேன்"ன்னார். உன் கையெழுத்து எனக்கு நன்றாகப் போட வரும் அம்மா. ஆனால் நான் போடவில்லை.

உன் மகள்,
பட்டாணி


டிசம்பர் 9

மதிப்பிற்குரிய டீச்சருக்கு,

வணக்கம். நீங்கள் நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தைக் கறுப்பு மையில் எழுதுகிறேன். நீல மையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

என் மகள் நவம்பர் மாதம் இருபத்தேழாம் தேதி பதினொரு மணிக்குமேல் வகுப்பில் இல்லை. அந்த அரை நாளுக்கு விடுப்பு அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

காரணம்: அவளுக்குக் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, கால் சுளுக்கவில்லை. உறவினர் யாரும் இறக்கவில்லை. அவள் அப்பாவுக்குக் கண் தெரியாது. அதை அவர் என்னிடம் மறைத்தார். நான் ஊரில் இல்லை என்பதை என் கடிதங்கள் உங்களிடம் மறைத்தன. இரண்டுக்கும் நடுவில் என் மகள் ஓடிக்கொண்டிருந்தாள். அன்றைக்கும் ஓடினாள். விடுப்புக் கடிதத்தில் உண்மையான காரணம் எழுதுவது எனக்கு இதுதான் முதல் தடவை, பிழை இருந்தால் மன்னிக்கவும்.

முக்கால் பங்கு தேறாவிட்டால் இந்த வருஷமே அவள் மறுபடி படிக்கட்டும். அந்த ஒரு வருஷம் எங்கள் இருவர் கணக்கில் சேரட்டும், அவள் கணக்கில் வேண்டாம்.

ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு அடுத்த கப்பலில் வருகிறேன். அலுவலகத்தில் வழக்கம்போல "யார் செத்தது?" என்று கேட்டார்கள். "யாரும் சாகலை. அதனாலதான் போறேன்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைக் கட்டினேன்.

ஒரு வேண்டுகோள். இதற்குப் பிறகும் என்றைக்காவது அவள் வராமல் என் கையெழுத்தில் ஒரு கடிதம் வந்தால், அதை நம்பாதீர்கள். அது நானே எழுதியதாக இருந்தாலும் நம்பாதீர்கள். யாரையாவது அனுப்பி எங்கள் கதவைத் தட்டச் சொல்லுங்கள்.

தங்கள் பணிவுள்ள,
பட்டாணியின் அம்மா